டைகர் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

காப்பகத்திலிருந்து அழைத்து வந்த நாய் காரிலிருந்து இறங்கியதும் போர்ச்சில் இருந்த செருப்பு அலமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டது. அதற்கு டைகர் என்று பெயர் வைத்தவர் அப்பா. எங்கள் ஊரான கிள்ளான் முழுக்கத் தேடினாலும் அந்த நாய்க்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடைத்திருக்காது. அது முன்பு யார் வீட்டில் இருந்தது என்று காப்பகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தாமான் குடியிருப்பில் தமிழர்கள் எல்லோரும் வீட்டில் தமிழ்தான் பேசுவோம், நாயைக் கண்டால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடும். லோரி ஓட்டும் அப்பாகூட, "டைகர், கம். சிட்" என்று அலமாரியைப் பார்த்து ஆங்கிலம் பேசினார். அம்மா எந்த மொழியிலும் அதனிடம் பேசவில்லை. சாமி மேடை இருக்கிற வீட்டில் முடி கொட்டும் என்று முணுமுணுத்தபடி சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவதோடு சரி. வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு சேர்ந்து டைகரும் சைவம்.

கொஞ்சம் பயம் தெளிந்ததும் வேறு வம்பு வந்தது. அப்பா கேட்டைத் திறந்த நேரத்தில் டைகர் நழுவி ஓடி, தொழுகைக்குக் கிளம்பி நின்ற பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரின் சாரோங்கை மோந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, நாயின் ஈரம் பட்ட துணியோடு தொழ முடியாதென்று உடை மாற்ற உள்ளே திரும்பிப் போனார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளி விடுமுறை முடிவதற்குள், கேட் திறந்தால் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாய் காப்பகத்துக்கே போகும் என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி என் தலையில் விழுந்தது. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்வதைப் பார்த்துப் பார்த்து, பிஸ்கட்டைக் காட்டி "சிட்" என்றேன். டைகர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு நின்றபடியே என்னைப் பார்த்தது. விடுமுறை கரையக் கரைய பிஸ்கட்தான் தீர்ந்தது. எனக்கு அந்த நாய் வேண்டும்.

விடுமுறையின் கடைசி ஞாயிறு, செந்தூலிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். போர்ச்சில் நான் பிஸ்கட்டோடு கெஞ்சிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இதுக்கெல்லாம் பிஸ்கட்டு எதுக்கு பாப்பா. இங்க பாரு" என்றார்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. வலது கையை இடுப்புக்குக் கொண்டுபோய் பெல்ட்டின் பக்கிளைத் தொட்டார், அவ்வளவுதான். டைகர் சட்டென்று உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நில்லாமல் வயிறு தரையில் படப் படுத்தே விட்டது. நான் கைதட்டினேன்.

"எப்படி மாமா?"

"சின்ன வயசுல எங்க வீட்ல இப்படித்தான்லா உக்கார வைப்பாங்க" என்று மாமா சிரித்தார்.

டைகருக்குக் கீழே தரை நனைந்துகொண்டிருந்தது. அம்மா எப்போது வாசலுக்கு வந்தார் என்று தெரியவில்லை.

"அண்ணே, கைய எடுங்க."

அம்மா மாமாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மாமா தன் கையை யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு அதைக் கீழே தொங்கவிட்டார். டீ குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

அப்பா உள்ளேயிருந்து வந்ததும் நான் முந்திக்கொண்டு, டைகர் உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டது என்றேன்.

"அது ஒண்ணும் கத்துக்க வேணாம்" என்றார் அம்மா. "இங்கயேதான் இருக்கும். நீங்க கேட்டுக்கு இன்னொரு கொக்கி போடுங்க."

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்பினார். அம்மா தரையைத் துடைத்துவிட்டு டைகருக்குச் சற்றுத் தள்ளி வெறும் தரையில் உட்கார்ந்தார். அதைத் தொடவில்லை. டைகரும் நகரவில்லை.

நாய் எங்களுக்கே என்று ஆகிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தா வீட்டில் பெல்ட்டைத் தொட்டு உட்கார வைப்பார்கள் என்று மாமா சொன்னதிலிருந்துதான், அம்மாவுக்கு நாய் பழக்கம் உண்டென்பதே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"தாத்தா வீட்ல எத்தன நாய் வளத்தீங்கம்மா?"

"நாயே வளக்கல" என்றார் அம்மா.

அப்படியானால் மாமா பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.