தவிட்டுக்கு வாங்கிய தம்பியின் படம்

என் தம்பி கைக்குழந்தையாக இருக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் அவனை மடியில் வைத்திருப்பவள் எங்கள் அம்மா இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் இதுதான் உங்கள் அம்மாவா என்று கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

பட்டாளத்திலிருந்த மாமா, சண்டை முடிந்து வந்த தை மாதத்தில், செந்துறைப் பக்கம் எங்கள் கொல்லைக்கு ஒரு பெட்டிக் கேமராவோடு வந்தார். சுருளில் எட்டுப் படம்தான் எடுக்கலாம். எனக்கு ஏழு வயது. கேமராவின் மேலிருந்த சின்னக் கண்ணாடிக்குள் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பனி விலகாத சோளக்கொல்லை கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கி, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மினுங்கியது. பசு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் நின்றது வலப்பக்கம் தெரிந்தது. இன்றைக்கும் அந்தக் காலை எனக்கு அப்படித்தான் வருகிறது, சின்னதாக, இடம் வலம் மாறி.

பசு, கன்று, கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் கவலை இழுக்கும் மாடுகள், கதிரில் குருவிகள் என்று ஏழு படம் தீர்ந்துவிட்டது. குருவி ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டாவது, அம்மாவும் ஐந்து மாதத் தம்பியும் என்று மாமா ஆசையாக வைத்திருந்தார். அம்மா முடியாது என்றாள்.

எனக்குப் பின் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் தம்பி பிறந்ததும், பெற்ற ஏழும் பிழைத்திருந்த பக்கத்துக் கொல்லைப் பெரியம்மாவிடம் அவனைக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. நான் அதை நிஜம் என்றே நம்பினேன். அவன் அழுதால், திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவிட்டை வாங்குங்கள், மாட்டுக்காவது ஆகும் என்பேன்.

அம்மா முடியாது என்றதும் மாமா சிரித்தார். சண்டையில் தப்பி வந்த தைரியம் அவருக்கு. அம்மா சிரிக்கவில்லை.

"எம்புள்ளன்னு படம் புடிச்சு எமனுக்கு அடையாளம் காட்டச் சொல்றியா?"

பெரியம்மாவைக் கூப்பிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். அவள் தம்பியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "சிரிக்கணுமா, மொறைக்கணுமா? சொல்லிப்புடுங்க" என்றாள்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. பெற்றவளிடம் பிள்ளை இருக்கிறது, சரிதானே.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கத்தினான். பால் குடிக்கிற நேரம். ஆடாமல் இருந்தால்தான் படம் விழும் என்று மாமா காத்துக்கொண்டே இருந்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அடி முன்னே வைக்கவில்லை. இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கே கோபம் வந்தது. கடைசியில் அவன் அழுது ஓய்ந்து விசும்பியபோது மாமா விசையைத் தட்டினார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். கட்டிய கைக்கு மேலே சேலை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் குடிக்கும்போது சிந்திவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

அது தண்ணீர் இல்லை என்று தெரிய, நானும் ஒரு பிள்ளை பெற வேண்டியிருந்தது.