கொஞ்செம் குடி, பாவா

என் தம்பி வீரபத்திரனின் மனைவி எல்லம்மாளை யாராவது கோபக்காரி என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது. கோபம் உண்டுதான், இல்லை என்று யார் சொன்னது? அந்தக் கோபத்தால்தான் அந்தக் குடும்பம் நின்றது. முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

அவள் வாலாஜாபாத் பக்கத்துப் பெண். ஆந்திர எல்லையோரத்து ஆர்.கே.பேட்டைக்கு வாழ வந்தபோது தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. நாங்களோ பாதி தமிழ், பாதி தெலுங்கு என்று பேசி வளர்ந்தவர்கள். "உங்க ஊர்ல சண்டை போட்டாக்கூட எனக்குப் பாதிதான் புரியுது அண்ணி. மீதிப் பாதிக்கு நான் யாரைத் திட்டறது?" என்று நாத்தனாரான என்னிடம் கேட்பாள்.

தம்பிக்கு மாவு மிஷின் தொழில். நல்ல மனசுக்காரன், ஆனால் குடி. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் போதும், தோளில் கை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். மிஷினை ஓட்டுவது இவள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புருவமெல்லாம் மாவாக நிற்பாள். ஒரு ஆடிக் கிருத்திகைக்கு அவனைத் திருத்தணி மலைக்கு இழுத்துப் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் எங்க ஊரு பஸ் ஏறிடுவேன். மலையில இருக்கறவரு சாட்சி."

சொன்னால் செய்கிறவள். அது அவனுக்கும் தெரியும்.

பொங்கல் நெருங்கும் நேரத்தில் மிஷின் தகராறு செய்தது. மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரம் தேய்ந்துபோய், பெல்ட்டின் ஓரமெல்லாம் நார் நாராகப் பிரிந்து, கழன்று கழன்று விழுந்தது. எல்லை தாண்டி நகரியிலிருந்து நாகேந்திரன் என்ற மெக்கானிக் புது புல்லியும் புது பெல்ட்டும் கொண்டுவந்தான். "நகரி ஆளா?" என்று எல்லம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புல்லியை மாட்டியாயிற்று, பெல்ட்டையும் போட்டாயிற்று. ஓட்டினால் பெல்ட் ஓரமாகவே நழுவிப் போகிறது. மோட்டார் மாவரைக்கும் கல்லுக்கு நேராக நிற்கவில்லை. போல்ட்டைத் தளர்த்திவிட்டுத் தம்பி கடப்பாரையால் மோட்டாரை நெம்பினான். நாகேந்திரன் எதிர்க்கோடியில் படுத்து, ஒரு கண்ணை மூடி, நூல் பிடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அரிசிக் கூடைகளுக்குக் காவலாக நான் உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்செம் குடி, பாவா."

"ஆங்."

"இங்கா கொஞ்செம் குடி. பர்வாலேது, குடி!"

"போதுமா?"

"சாலது பாவா, இங்கா குடி!"

"இதுக்கு மேல முடியாதுடா நைனா, மூச்சு முட்டுது!"

தெலுங்கில் குடி என்றால் வலது பக்கம்; இங்கா என்றால் இன்னும், சாலது என்றால் போதாது, பாவா என்றால் மச்சான். பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தற்செயலாகத் திரும்பினால் வாசற்படியில் மோர்ச் செம்பு இருக்கிறது. கொண்டுவந்தவளைக் காணோம். அப்போதுதான் உறைத்தது. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினேன்.

அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"மிஷின் கொட்டாய் தகரத்துக்குப் பின்னால நின்னு என் காதால கேட்டேன் அண்ணி. பட்டப்பகல்ல அந்த நகரியான் ஊத்திக் குடுத்துகினு இருக்கான். நீங்களும் வேடிக்கை பாத்துகினு குந்திகினு இருக்கீங்க!"

"அடி பைத்தியமே, அது வலது பக்கம்டி!"

"எந்தப் பக்கம் குந்திக் குடிச்சா எனக்கென்ன?"

நான் விடுவேனா? கையைப் பிடித்துத் தரதரவென்று மிஷினுக்கு இழுத்துவந்தேன். நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"ஊது."

ஊதினான்.

"இன்னொரு தரம்."

ஊதினான். கேழ்வரகுக் கூழும் வெங்காயமும்தான் மணத்தன. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே இறங்கியது. அவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி மோட்டாரடியில் கொடுத்தாள்.

"சொல்லு, எந்தப் பக்கம் தள்ளணும்?"

நாகேந்திரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை வலது பக்கம் போகவேண்டும். எப்படிச் சொல்வான்?

"அது... சோறு துன்ற கை பக்கம், அக்கா."

ஒரே நெம்பு. போல்ட்டை முறுக்கி ஓட்டினார்கள். பெல்ட் புல்லியின் நடுவிலேயே, இப்படி அப்படி அசையாமல் ஓடியது. எல்லம்மாள் மோர்ச் செம்பை எடுத்துவந்து நாகேந்திரனிடம் நீட்டினாள்.

"இந்தா, குடி."

அவன் பழக்க தோஷத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மூட்டையா? அதை அன்று சாயங்காலம் என் தம்பிதான் அவிழ்த்தான். சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டே, "இதைக் குடி பக்கம் போடட்டுமா, வேற பக்கம் போடட்டுமா?" என்று கேட்டான். கையிலிருந்த முறத்தாலேயே ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பி நின்று சிரித்தாள்.