எருமை குடிக்காத தண்ணீர்

போன புதன்கிழமை டெல்லியில் நஜஃப்கர் தாண்டி ஒரு வடிகால் பாலத்தடியில் நின்றவர்கள் — காண்ட்ராக்டர். ஜூனியர் இன்ஜினியர் ரமேஷ், லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வளர்ந்த தஞ்சாவூர்க்காரர். பக்கத்து வயல்காரர் பல்பீர். அப்புறம் நான், கொத்தனார்.

பாலத்துக்கு வயது ஐந்து. கட்டியவனும் நான்தான்.

வயல்களில் இருந்து வடிகிற தண்ணீர் அடியில் ஓடுகிறது. தண்ணீர் தொடும் உயரத்தில் தூண்களில் உப்புப் பூத்திருந்தது. கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது.

"மிஸ்திரி, மேலாக ஒரு பூச்சு. ஜல்தி! நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்" என்றார் காண்ட்ராக்டர்.

பூசினால் என்ன ஆகும்? கம்பி உள்ளே செத்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. அவ்வளவுதான்.

ரமேஷ் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, நல்ல சிமெண்ட்தானே போட்டோம்?"

"சிமெண்ட் நல்லதுதான் சார். தண்ணி எங்கேர்ந்து எடுத்தோம்?"

பாலம் கட்டிய அன்றைக்குத் தண்ணீர் டேங்கர் வரவில்லை. "பக்கத்திலேயே தண்ணி ஓடுது, டேங்கர் எதுக்கு?" என்றார் காண்ட்ராக்டர். வடிகால் தண்ணீரிலேயே கலவை குழைத்தோம். பத்து நாள் அதையே ஊற்றித் தூணை நனைத்தோம். வாயில் வைத்துப் பார்த்தேன்... கரித்தது. "உப்பு சார்" என்றேன். ஒரே ஒரு தடவை. அப்புறம் மண்வெட்டியைப் பிடித்துவிட்டேன். என் மேல்தான் முதல் கோபம்.

இதையெல்லாம் பல்பீரிடம் ஹிந்தியில் சொன்னேன். அவர் கத்தினார். "அரே பாய்! என் எருமையே மோந்து பார்த்துட்டுத் திரும்பிடும். அதுல பாலம் கட்டுனீங்களா? என் பொண்ணோட ஸ்கூல் வேன் தினம் இது மேலதான் போகுது!"

காண்ட்ராக்டர் சிரித்தார். "அச்சா... இப்ப எருமையும் இன்ஜினியரா?"

"எருமை பாஸ் சேட். நாமதான் ஃபெயில்" என்றேன்.

பூச்சுக் கரண்டியைப் பைக்குள் போட்டேன். சுத்தியலை எடுத்தேன். நல்ல தூண் 'டங்' என்னும். உள்ளே விட்டுப்போனது 'பொத்' என்னும். ஒவ்வொன்றாகத் தட்டினேன். 'பொத்' என்றதில் எல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி.

"எழுதிக்குங்க ரமேஷ் சார்."

அவர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவைத் திறக்கவில்லை.

பல்பீர் காத்திருக்கவில்லை. டிராக்டரைக் கொண்டுவந்து பாலத்துக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் ரமேஷ் எழுதினார்.

மொத்தத் தூண் பன்னிரண்டு.

குறி விழுந்தது ஒன்பது.