தோலின் உள்பக்கம்

நான் எட்டாவதோடு நின்றவன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் ஆட்டுத்தோல் தரம் பிரித்தேன். ஷாப்பை மூடிவிட்டார்கள். காட்டுமிருகங்களை ஆராயும் ஒரு டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மலையில் கேமரா கட்டுவது, கால்தடம் அளப்பது, சிறுத்தையின் எச்சத்தைப் பொறுக்கிக் காயவைப்பது.

அவர் முதலில் விலங்கியல் படித்தவர். பிறகு காட்டுயிர்ப் படிப்பு, அதற்குமேல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம். மொத்தம் பதினோரு வருஷம். தனக்கு ஊசி போடத் தெரியாது என்பதை ஊர் ஊராகச் சொல்லி அலுத்துவிட்டார்.

என் மனைவியின் தம்பியுடைய ஆடு ஒன்று மலையடிவாரத்தில் செத்துக் கிடந்தது. சிறுத்தை அடித்தது என்றால் அரசாங்கம் ஈடு கொடுக்கும். நாய் என்றால் கிடையாது. எது அடித்தது என்று பார்த்துச் சொல்லும்படி வனத்துறையில் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தார்கள்.

நாங்கள் போனபோது கூட்டம்.

"பதினோரு வருசம் படிச்சது இன்னாத்துக்கு, செத்த ஆட்டப் பாக்கவா?" என்றார் ஒரு கிழவர்.

"ஆமா தாத்தா. பாஸ் பண்றதுக்குள்ள தலயே நரச்சிடுச்சி" என்றார் டாக்டரம்மா.

கழுத்தில் இரண்டு ஓட்டைகள். அளந்தார். சிறுத்தைப் பல்லுக்குச் சரியாக வந்தது. பின்னங்காலிலும் கடி இருந்தது.

"அண்ணா, உரிச்சிப் பாத்துடலாமா?"

உரித்துத் தோலைத் திருப்பினேன். உயிரோடு கடிபட்டால் உள்பக்கம் ரத்தம் கட்டும். பின்னங்கால் பக்கம் கறுத்திருந்தது; நாய் அங்கேதான் கடிக்கும். கழுத்துப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த ஓட்டைகள் ஆடு செத்தபிறகு போட்டவை.

மச்சான் என் பக்கத்தில் குந்தினான்.

"மாமா, கம்முனு இரு. அக்கா மொகத்துக்காவது."

டாக்டரம்மா தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்கண்ணா. தோலு உங்களுக்குத்தான் ஜாஸ்தி தெரியும்."

"நாய்தான் மேடம். கழுத்துல இருக்கறது அப்புறம் போட்டது."

மச்சான் எழுந்தான். "எட்டாவது ஃபெயிலு. டாக்டருக்கே டாக்டரு இவரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

டாக்டரம்மா தாளில் நாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டை போட்டது யார் என்று கேட்கவில்லை.

அந்தத் தையில் என் மனைவிக்குத் தம்பி வீட்டிலிருந்து பொங்கல் வரிசை வரவில்லை. காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுது தாண்டியதும் அவளே போய்க் கரும்பு வாங்கி வந்தாள்.

"வெட்டிக் குடு" என்றாள்.

வெட்டிக் கொடுத்தேன்.