கரும்பலகையில் முதல் வரி

படகுக்காரருக்குக் கடலிடம் பயம் கிடையாது. ஆளுயர அலை எழும்போதும் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காது குடைகிற ஆள். அதே ஆளுக்கு, சகலை வீட்டு வாசலில் எட்டு ஜோடி செருப்புக் கிடப்பதைக் கண்டால் சோறு இறங்காது.

நான்கு வருடத்துக்கு முன்பு இந்தத் தொல்லை கிடையாது. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்தச் சகலை, அப்போது கடலே இல்லாத ஒரு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தார். ‘இது தெளிவா தெரியுதா, இல்ல இதுவா?’ என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. இருமல் விடவில்லை, கடற்காற்று வாங்குங்கள் என்று டாக்டர் சொல்ல, பத்து நாள் தங்குவதாக வந்தார். பஸ் நிலையத்துக்கு எதிர்கொண்டு போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தவரே படகுக்காரர்தான். அந்தப் பெட்டியை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டிருக்கலாம் என்பது இப்போது உறைக்கிறது. இருமல் போய்விட்டது, சகலை போகவில்லை.

நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். அப்படிப்பட்டவர், கடல் பின்வாங்கும் நேரமாகப் பார்த்து, அது விட்டுப்போன ஈரத் தரையில் விடுமுறைக்கு வந்தவர்களை நடத்திக்கொண்டு போய், நண்டையும் நட்சத்திர மீனையும் காட்டிப் பெரிய ஆளாகிவிட்டார். கடலைக் காட்டிப் பேர் வாங்கியவர்கள் உண்டு. கடல் இல்லாத இடத்தைக் காட்டிப் பேர் வாங்கியவர் இவர் ஒருவர்தான் என்று படகுக்காரர் மனைவியிடம் சொல்லிச் சொல்லி, அவள் அதைக் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டாள்.

பேர் வாங்கியதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். இப்போது முதல் வரிக்கே ஆபத்து வந்துவிட்டது.

அந்தக் கரையில் இருப்பது ஒரே விடுதி. அதன் வாசலில் ஒரு கரும்பலகை. ‘இங்கே பார்க்க, செய்ய’ என்று தலைப்பு, கீழே ஐந்து வரி. தீவுப் பாறையைப் படகில் சுற்றி வருதல், கடல்தரை நடை, கலங்கரை விளக்கம் ஏறுதல், பறவை பார்த்தல், வாடகை சைக்கிள். எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்ய விடுதியம்மா ஒரு வழி வைத்திருந்தார். சாப்பாட்டு அறை ஜன்னலோரம் ஐந்து கண்ணாடி ஜாடிகள். ஊரை விட்டுப் போகிறவர்கள், தங்களுக்கு எது மிகவும் பிடித்ததோ அதன் ஜாடியில் ஒரு சிப்பியோ சங்கோ போட வேண்டும். பருவம் முடிகிற கடைசிச் சாயங்காலம் விடுதியம்மா அவற்றை எண்ணமாட்டார். அடிக்கோலை நிறுத்தி உயரம் பார்ப்பார். எது உயரமோ அது அடுத்த வருடம் முதல் வரி.

முதல் வரி என்றால் சாமானியம் இல்லை. பயணக் களைப்போடு இறங்குகிறவர்கள் முதல் வரியைத்தான் படிப்பார்கள். மற்றதைப் பெட்டியை வைத்துவிட்டு வந்து படிக்கலாம் என்று உள்ளே போனவர்கள் யாரும் திரும்பி வந்து படித்ததாகத் தகவல் இல்லை. பதினோரு வருடமாக முதல் வரி படகுக்காரருடையது.

பருவத்தின் கடைசி நாள் காலையில், தண்ணீர் குடிக்கிற சாக்கில் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, ஜாடிகளின் மேல் விரல் வைத்து அளந்தார். சகலையின் ஜாடியைவிட அவருடையது மூன்று விரல்கடை தாழ்ந்திருந்தது. இன்று மாலை பதினான்கு பேர் கடைசியாகப் போடப் போகிறார்கள். அந்தப் பதினான்கு பேரும் சகலையோடு நடக்கப் போகிறவர்கள்.

மூன்று விரல்கடையோடு அந்தப் பதினான்கையும் ஈடுகட்ட எத்தனை சங்கு வேண்டும்? பெரிய சங்காக இருந்தால் இருபது போதும். படகுத் துறையில் கல்லும் பாசியும்தான். சங்கு கிடக்கிற இடம் கடல்தரை. அங்கே தனியாகப் போனால் விடுதியின் எல்லா ஜன்னலிலிருந்தும் தெரியும். கூட்டத்தோடு கூட்டமாகப் போனால்தான் உண்டு. அதாவது, சகலையைத் தோற்கடிக்க வேண்டுமானால் சகலையின் நடைக்கே போயாக வேண்டும்.

வீட்டில் வழிமறித்தாள் மனைவி.

“எங்க கிளம்பிட்டீங்க? இன்னிக்குப் படகு இல்லன்னீங்களே.”

“கயிறு பாக்கணும்.”

“கயிறு பாக்கவா பேண்ட்ட முழங்காலுக்கு மடிச்சு விட்டிருக்கீங்க?”

“ஈரக் கயிறு.”

“தங்கச்சி வீட்டுக்காரர் நடைக்குப் போறவங்கதான் இப்படி மடிப்பாங்க.”

“உன் தங்கச்சி வீட்டுக்காரரா பேண்ட் மடிக்கிறதக் கண்டுபிடிச்சாரு?” என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொண்டு நடந்தார்.

படகுக்காரருக்கு அந்தத் தரை வாழ்நாள் முழுவதும் தவிர்த்த இடம். அவர் பாஷையில் அதற்குப் பெயர் ‘தட்டுற இடம்’. படகின் அடி அங்கே தட்டினால் கதை முடிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அதன்மேல் கால் வைத்தபோது, வேண்டாதவர் வீட்டுக்குள் நுழைந்த கூச்சம் வந்தது. கூட்டத்தின் வால் பக்கமாக நின்று, குனிந்து, கண்ணில் பட்ட பெரிய சங்குகளைப் பேண்ட் பைக்குள் தள்ளத் தொடங்கினார்.

முன்னால் சகலை குழி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க. இப்ப இன்னொரு கண்ண. எதுல நல்லா தெரியுது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினான்கு பேரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நகராத ஒரு நட்சத்திர மீனை வாய் பிளந்து பார்த்தார்கள். தன் படகில் ஏறி எதிரே முழுக் கடலும் விரிந்து கிடக்கும்போது செல்போனைப் பார்க்கிற ஜனங்கள் இவர்கள்தானே என்று படகுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்த சகலை கண்ணில் தொப்பி பட்டுவிட்டது.

“அடடே, எங்கண்ணன் வந்திருக்காரு. இவருதாங்க என் சகலை. இந்தக் கடல் இவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி.”

“நான் சும்மா… கயிறு விஷயமா” என்றார் படகுக்காரர், கையில் கயிறு எதுவும் இல்லாமல்.

அத்தோடு விட்டிருக்கலாம். சகலை ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். “இதுக்குள்ள ஒரு ஆக்டோபஸ் இருக்கு. பாவம், நம்மளப் பாத்துப் பயந்து ஒளிஞ்சுக்கும்.”

“பயமா? அதுக்கா?” தன்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டார் படகுக்காரர். “வாசலப் பாருங்க. நண்டு ஓடு குமிஞ்சு கிடக்குல்ல? தின்னுட்டு வெளிய எறிஞ்சது. ஊர்லயே குப்பைய வாசல்ல கொட்டுற வீடு இதான். பயந்தவன் செய்யிற வேலையா இது?”

சிரிப்பு எழுந்தது. பதினான்கு முகங்களும் அவர் பக்கம் திரும்பின. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், “கையில தொட விடுமா?” என்று கேட்டார். பொறாமைக்காரருக்குப் பார்வையாளர்கள் கிடைத்தால் வேறென்ன நடக்கும்? மண்டி போட்டு உட்கார்ந்து இடுக்கில் விரலை நீட்டினார். ஒரு கை வந்து விரலைச் சுற்றியது, பிறகு இன்னொன்று. பழுப்பாக இருந்த தோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. ஒரு முறை வாளியில் போட்டு மூடிவைத்த ஆக்டோபஸ் ஒன்று, மூடியைத் தூக்கிவிட்டுப் படகின் பலகை வழியாக நடந்து போய்க் கடலில் குதித்த கதையைச் சொன்னார். போகும்போது திரும்பிப் பார்த்தது என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னார். அரை மணி நேரம். கூட்டம் அசையவில்லை. சகலை ஓரமாக நின்று, தானும் டிக்கெட் வாங்கி வந்தவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கடல் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் எல்லோரும் கிளம்பினார்கள்.

விடுதிக்குள் நுழைந்த பிறகு படகுக்காரருக்கு விஷயம் புரிந்தது. இந்த விடுமுறையிலேயே சிறந்தது இந்த நடைதான் என்று அத்தனை பேரும் விடுதியம்மாவிடம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடை யாருடையது? சகலையுடையது.

ஆனால் கூடவே ஒரு நல்ல சேதியும் காதில் விழுந்தது. “ஐயோ, சிப்பி பொறுக்கவே மறந்துட்டோமே” என்றார் தலைமையாசிரியை. ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. ஆக்டோபஸ் பார்த்த சுவாரசியத்தில் பதினான்கு பேரும் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். படகுக்காரரின் பையில் மட்டும் இருபது. எல்லோரும் டீ குடிக்கப் போனதும் தன் ஜாடியில் கவிழ்த்துவிட வேண்டியதுதான். மனசு லேசாகிவிட்டது.

அப்போது தொடையில் சுரீரென்றது.

காலிச் சங்குக்குள் குடியேறுகிற நண்டு ஒரு ஜாதி உண்டு. அது உள்ளே இருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டுத்தான் சங்கை எடுக்க வேண்டும். மூன்று வயதில் தெரிய வேண்டிய விஷயம். அவசரத்தில் விட்டுப்போயிற்று. இரண்டாவது கடி, முதல் கடியைவிட மேலே ஏறி, விவரிக்க முடியாத இடத்தை நெருங்கவும், படகுக்காரர் யோசிக்காமல் பையை வெளியே இழுத்தார். இருபது சங்கும் சாப்பாட்டு மேஜையில் உருண்டன. அதில் ஒன்று மட்டும் தானாக நடந்தது.

விடுதியம்மா சங்குகளைப் பார்த்தார், ஜாடிகளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“படகுக்காரரே, இது என்னது?”

அவர் பதில் சொல்லுமுன் சகலை முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பாத்தீங்களா? நமக்கெல்லாம் மறந்துபோச்சு. எங்கண்ணன் மறக்கல. ஆளுக்கு ஒண்ணுன்னு பொறுக்கிட்டு வந்திருக்காரு.”

“அப்படியா?” என்றார் விடுதியம்மா.

“அ… ஆமா” என்றார் படகுக்காரர்.

பதினான்கு பேரும் நன்றி சொல்லி ஆளுக்கு ஒரு சங்கு எடுத்தார்கள். எல்லாம் பொறுக்கி எடுத்த பெரிய சங்குகள். ஒவ்வொன்றும் சகலையின் ஜாடியில் ‘டொக்’ என்று விழுந்தது. பதினான்கு ‘டொக்’கையும் படகுக்காரர் நின்று கேட்டார். சகலை தெரிந்து காப்பாற்றினாரா, தெரியாமல் காப்பாற்றினாரா என்பதை அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாமல் என்றால் எரிச்சல். தெரிந்து என்றால் தாங்கவே முடியாது.

விடுதியம்மாவுக்கு அடிக்கோல் தேவைப்படவில்லை. சாக்பீஸை எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா? ரெண்டு பேரும் சேர்ந்தே நடந்தா என்ன? ஒரே வரியா எழுதிடறேன். முதல் வரி.”

“எனக்குச் சம்மதம்” என்றார் சகலை உடனே. “அண்ணனையே முன்னால போடுங்க.”

எல்லோரும் படகுக்காரரைப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது வருடமும் முதல் வரி, அதுவும் முன்னால். தலையாட்டினால் போதும். தலை ஆடத்தான் பார்த்தது. ஆனால் அதைக் கொடுக்கிற கை சகலையுடையது.

“வேணாம்மா” என்றார். “என்னுது ரெண்டாவதா, தனியாவே இருக்கட்டும்.”

விடுதியம்மா வாசலுக்குப் போய் எழுத ஆரம்பித்தார். படகுக்காரர் பின்னாலேயே போய் நின்றார்.

“எழுத்து மட்டும் அவரோடத விடச் சின்னதாப் போயிடக் கூடாது.”