இரண்டு சிப்பில் எது தேவலை

விஸ்வநத்தம் ஊரில் இருக்கும் பால்துரை சாருக்கு ஓய்வு பெற்ற பிறகு தொற்றிக்கொண்ட ஒரே கெட்ட பழக்கம் வீடியோ கேம். பழக்கிவிட்டவள் மகள் பெர்சிஸ். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனபோது தன் கேம் கன்சோலையும் இரண்டு கன்ட்ரோலரையும் வீட்டிலேயே விட்டுப் போனாள்; அங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, கறிச்சோறும் உள்ளே போன பிறகு, அப்பாவும் மகளும் வேறு யாரையும் சேர்க்காமல் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை போடுவார்கள். ஜெயிப்பது எப்போதும் பெர்சிஸ்தான்.

குற்றம் சாரின் ஆள்காட்டி விரலுடையது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் விறைத்துப்போன விரல். அவர் ஒரு தடவை அமுக்குவதற்குள் அவள் மூன்று தடவை சுட்டுவிடுவாள்.

சிவகாசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாரிசெல்வியிடம் போய் முறையிட்டார்.

"இதுக்குச் சிப்பு இருக்கு சார். உள்ள வச்சுப் பத்தவச்சிட்டா, பட்டன அமுக்கிப் பிடிச்சாப் போதும், அதுபாட்டுக்குச் சுட்டுக்கிட்டே இருக்கும்."

"பத்தவைக்கவா?"

"ஈயத்த உருக்கி ஒட்டுறது சார், பயப்படாதீக. ரெண்டு தினுசு வருது. ஒண்ணு ஒரே வேகம், பேய் வேகம். இன்னொண்ணுல நம்ம இஷ்டத்துக்குக் கூட்டிக் கொறச்சுக்கிடலாம்."

"எது தேவலை?"

"எனக்கு ஆடத் தெரியாது சார். ரெண்டு கன்ட்ரோலர்லயும் ஒவ்வொண்ணு போட்டுத் தாரேன், பாத்துட்டுச் சொல்லுங்க. பட்டாசுக் கம்பெனிப் பையங்க கேட்டா நானும் சொல்லணும்ல."

ஒப்பிட்டுப் பார்க்க எதிராளி வேண்டுமே. சோடாப்புட்டிக் கண்ணாடியோடு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கனகமணியைக் கூப்பிட்டார்.

"அடுப்புல கொழம்பு கெடக்குங்க."

"சும்மா அமுக்கிப் பிடி, போதும்."

பேய் வேகச் சிப்பு வைத்த கன்ட்ரோலரை சார் எடுத்துக்கொண்டார்; மற்றதை மனைவியிடம் கொடுத்தார். கண் இமைப்பதற்குள் தோட்டா முழுக்கத் தீர்ந்தது. அவர் மறுபடி நிரப்புவதற்குள் கனகமணி நிதானமாக டப், டப் என்று சுட்டு அவரைச் சாய்த்துவிட்டார். அடுத்த ஆட்டத்தில் கையெறி குண்டை எடுத்தார் சார். அந்தப் பட்டனுக்கும் சிப்பு வேலை செய்தது. இருந்த குண்டெல்லாம் அவர் காலடியிலேயே விழுந்து வெடித்தன. கன்ட்ரோலரை மாற்றிக்கொண்டதும் சார் ஜெயித்தார்.

"அத இங்கிட்டுக் குடுங்க," என்று கை நீட்டினார் கனகமணி. "இன்னொரு ஆட்டம்."

குழம்பு அடிப்பிடித்தது. அந்த வாரம் முழுக்கச் சமையல் சுமார்தான்.

ஞாயிற்றுக்கிழமை சார் கைகழுவி வருவதற்குள் பெர்சிஸ் வரிசையாகத் தோற்றிருந்தாள்.

"என்னப்பா, விரல் சரியாயிருச்சா?" என்று ஸ்பீக்கரில் கேட்டாள்.

"அப்பா கொல்லையில இருக்காக. நான்தாம்டி."

"நீயாம்மா?" பெர்சிஸ் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. சிப்பு விவரம் தெரிந்ததும், "இது கள்ளாட்டம்!" என்று கத்தினாள்.

"உங்கப்பாவுக்கு வெரல் இல்ல, எனக்குக் கண்ணு இல்ல. ஒனக்கு ரெண்டும் இருக்குல்ல? ஆடு!"

சார் துண்டும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

மறுநாள் காலையில் மாரிசெல்வி கடைக்குப் போய், பேய் வேகச் சிப்பைக் கழற்றச் சொன்னார்.

"ஆகலையா சார்?"

"ஆகல. இதுலயும் கூட்டிக் கொறைக்கிற சிப்பையே போட்டுரு தாயி. வீட்டுல இருக்கத அவ தரமாட்டேங்கா."