பட்டியலில் இல்லாத ரேம்

திங்கட்கிழமையிலிருந்து ஒன்லைனில் படிப்பிக்கப் போகிறேன். பாடத்தின் நடுவில் கம்ப்யூட்டர் உறைந்து போனால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். ரேம் கூட்டியே ஆக வேண்டும்.

எந்தெந்த ரேம் பொருந்தும் என்று மதர்போர்ட் கம்பனி போட்டிருந்த பட்டியலை மூன்று நாளாகப் படித்தேன். ஓட்டமாவடிக் கடையில் இருந்த ரேமின் பெயர் மட்டும் அதில் இல்லை. பயம் பிடித்துவிட்டது.

இன்று மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, சீபீயூவை மகளின் சின்னப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

"பிள்ளைக்கு முகத்த மூடாதீங்க, மூச்சு முட்டும்" என்றா பக்கத்து சீட் அக்கா.

விளக்கம் சொல்ல வெட்கம். போர்வையைக் கொஞ்சம் விலக்கிவிட்டேன்.

கடைக்கார நானா சிரித்தார். "தங்கச்சி, பட்டியல்ல இல்லாட்டி பொருந்தாது எண்டில்ல. அவங்க சோதிச்சுப் பார்க்கல்ல, அவ்வளவுதான். உங்கட போர்டும் டீடீஆர் நாலு வகை, இந்த ரேமும் அதே வகை. போட்டுப் பார்ப்பம்."

"வேலை செய்யாட்டி?"

"எடுக்காதீங்க."

போட்டார். கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு, பதினாறு ஜீபி!

வீட்டில் இவ்வளவு நேரமும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒருக்காலும் உறையவில்லை. நிம்மதி.

ஆனால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் இனி என்ன சாட்டுப்போக்குச் சொல்வது? டீச்சர்மாரே, சொல்லித் தாங்கோ.